மீன் உடம்பைத் தேய்க்கிறது, செவுள் வேகமாக அடிக்கிறது: தொட்டி மீன்களில் ஒட்டுண்ணியை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும்

மீன் கல்லில் உடம்பை உரசிவிட்டு விருட்டென்று விலகி ஓடுகிறது. துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிறது. இதைப் பார்த்ததும் கையில் இருக்கும் நீலமோ பச்சையோ ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடத் தோன்றும். ஊற்றாதீர்கள். ஒட்டுண்ணியால் சாகும் மீன்கள் உண்டு. ஆனால் என்ன நோய் என்று தெரியாமலே ஊற்றிய மருந்தாலும், பாதியில் நிறுத்திய மருந்தாலும் சாகும் மீன்கள் ஏராளம். முதல் அரை மணி நேரத்தைப் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் கொடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்கூட அந்த அரை மணியில் மீனைக் கொன்றுவிடாது.

முதலில் தண்ணீர்

அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இவை ஏறினால் செவுள் வெந்து, மீன் தேய்க்கும், மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும், துடுப்பை மடக்கும். செவுள் புழு வந்த மீனும் இதையேதான் செய்யும். இந்த நிலையில் மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் கலந்த மருந்தை ஊற்றினால், ஏற்கெனவே திணறும் செவுளுக்கு இன்னொரு நஞ்சு சேர்கிறது. மாலகைட் கிரீன் செல் மூச்சுவிடுவதையே தடுக்கும் பொருள்.

கிட் இல்லாத நேரத்தில் ஒரு அடையாளம் உதவும். தண்ணீர் கெட்டிருந்தால் பெரும்பாலும் எல்லா மீன்களும் ஒரே நாளில் தவிக்கும். ஒட்டுண்ணி என்றால் ஒன்றிரண்டில் தொடங்கி நாலைந்து நாளில் மற்றவற்றுக்குப் பரவும். தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகவில்லை, அல்லது ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினீர்கள் என்றால் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழ வேண்டும். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் 40 முதல் 50 சதவீதம் மாற்றுங்கள். சில மணி நேரத்தில் மீன் தெளிந்தால் மருந்துக்கு வேலையே இல்லை. விடியற்காலையில் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கி, விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் சரியாகிவிட்டால், அது இரவில் ஆக்சிஜன் குறைவது. செடி நிறைந்த தொட்டிகளில் வரும். இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.

தண்ணீரின் அளவும் மருந்தின் கணக்கும்

தொட்டி வாங்கும்போது சொன்ன லிட்டர் கணக்கை நம்பி மருந்து போடக் கூடாது. உள்ளே தண்ணீர் நிற்கும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60 × 30 × 32 என்றால் 57.6 லிட்டர். மணலும் கல்லும் அடைக்கும் இடத்துக்கு 10 முதல் 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 50 லிட்டர். கீழே வரும் கணக்குகளெல்லாம் இந்த 50 லிட்டர் தொட்டிக்கு.

மில்லிகிராம் அளவுகளைச் சமையலறைத் தராசு காட்டாது. தண்ணீரில் கரையும் மருந்தாக இருந்தால் 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள், 1 மி.லி.க்கு 10 மி.கி. வரும். ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து ஊற்றலாம். பொட்டலத்தில் இருப்பது சுத்தமான மருந்தா, 10 அல்லது 20 சதவீதக் கலவையா என்பதையும் படியுங்கள். 20 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு எடை போட வேண்டும். பல பேருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான்.

மருந்து போடும் முன் ஃபில்டரில் இருக்கும் கார்பனை எடுத்துவிடுங்கள், யுவி விளக்கை அணையுங்கள். கார்பன் மருந்தை உறிஞ்சிவிடும். யுவி சில மருந்துகளைச் சிதைத்துவிடும். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். இறால், நத்தை இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்

இது பெரும்பாலும் இக், அதாவது வெள்ளைப்புள்ளி நோய். புள்ளிகள் தனித்தனியாக, உப்புக் கல் அளவில், 1 மி.மீ.க்குள் இருக்கும். துடுப்பில்தான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் இக் அல்ல. ஆண் கோல்ட் பிஷ்ஷின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முதல் முள்ளிலும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம், நோயே கிடையாது. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் போலத் திரண்டு, வாரக்கணக்கில் இடம் மாறாமல் இருந்தால் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து இல்லை, தண்ணீர் நன்றாக இருந்தால் தானாகத் தேயும். கண்ணின் மேலும் துடுப்பு முள்ளின் நுனியிலும் பஞ்சு போலத் துருத்திக்கொண்டு, பெரிதும் சிறிதுமாக இருந்தால் எபிஸ்டைலிஸ் என்ற ஒற்றைச்செல் உயிரியாக இருக்கலாம். இதில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்து வருவதால் வெப்பத்தை ஏற்றினால் மோசமாகும். ஆகவே ஹீட்டரைத் திருகும் முன் டார்ச் அடித்துப் புள்ளிகளின் வடிவத்தைப் பாருங்கள்.

இக்கை வெல்ல அதன் நாட்கணக்கு தெரிய வேண்டும். நாம் பார்க்கும் புள்ளி தோலுக்கு அடியில் இருந்து மீனைத் தின்னும் பருவம். அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. 25 டிகிரி செல்சியஸில் சில நாட்களில் அது பழுத்து உதிர்ந்து, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டி, ஒரு நாளுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். மருந்தும் உப்பும் கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல்.

அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் "குணமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துபவர்கள் ஏழாம் நாள் இரண்டு மடங்கு புள்ளியோடு நிற்கிறார்கள். புள்ளி மறைந்தது என்றால் அது பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருக்கிறது.

வெப்பம் தாங்கும் மீன்களுக்கு: மணிக்கு 1 டிகிரிக்கு மேல் போகாமல் 30 டிகிரிக்கு ஏற்றி, குறைந்தது 10 முதல் 14 நாள் வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் ஸ்டோன் கட்டாயம். 30 டிகிரியையும் தாங்கும் இக் வகைகள் உண்டு. ஐந்தாம் நாளிலும் புதுப் புள்ளி வந்துகொண்டே இருந்தால் வெப்பத்தை மட்டும் நம்பாதீர்கள்.

உப்பு: லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். 50 லிட்டருக்கு 3 கிராம் வீதம் 150 கிராம் கல்லுப்பு. ஒரே தடவையில் கொட்டாமல், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 50 கிராமாக மூன்று தடவையில் ஊற்றுங்கள். கோல்ட் பிஷ், மோலி, கப்பிக்கு இது நல்ல வழி. கோரி, லோச் மீன்களுக்கு 1 கிராமில் தொடங்கி 2-இல் நிறுத்துங்கள். 3 கிராமில் மென்மையான செடிகள் கருகும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. குறைந்ததை நிரப்பும்போது வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரை மாற்றும்போது மட்டும், எடுத்த லிட்டருக்கு ஏற்ற உப்பைச் சேருங்கள்.

மருந்து: மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) சேர்ந்த கலவை இக்குக்கு நன்றாகக் கேட்கும். லேபிளில் உள்ள அளவில், லேபிள் சொல்லும் இடைவெளியில் போடுங்கள். டெட்ரா, லோச் போன்றவற்றுக்கு லேபிள் பாதி அளவு சொன்னால் அதை மீறாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நாம் சாப்பிடும் மீனுக்கு ஒருபோதும் வேண்டாம். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் வெதுவெதுப்பான தொட்டியில் இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். தினமும் அடி மணலை சைஃபன் செய்தால் (குழாயால் உறிஞ்சி அழுக்கை எடுத்தால்) கூடுகளில் ஒரு பங்கு அப்படியே வெளியேறும். இது மருந்துக்குச் சமமான உதவி.

அறிகுறி: பொன் தூசி

அறையை இருட்டாக்கி, டார்ச்சை மீனின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். உடம்பில் மஞ்சள் கலந்த பழுப்புத் தூள் பூசியது போல மினுங்கினால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். புள்ளி ஒவ்வொன்றும் இக்கைவிட மிகச் சிறியது. வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் தெரியாது. மீன் துடுப்பை மடக்கி, நிறம் மங்கி, மூச்சு வேகமாகும். மீன் குஞ்சுகளை இது கூட்டமாக அழிக்கும், ஆகையால் காத்திருக்க நேரமில்லை.

செம்பு மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும். தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மி.கி. இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். செம்பு டெஸ்ட் கிட் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். மென்தண்ணீரில் செம்பின் நஞ்சு பல மடங்கு கூடும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மி.கி.க்குக் கீழே இருந்தால் வேறு மருந்துக்குப் போங்கள். பவளக் கல், சுண்ணாம்புக் கல் இருந்தால் அவை செம்பை இழுத்துக்கொள்ளும், அளவு நிற்காது. வெல்வெட் உயிரி ஒளிச்சேர்க்கையும் செய்வதால் தொட்டியை இருட்டாக வைத்தால் மருந்துக்குத் துணை. இருட்டு மட்டும் போதாது.

அறிகுறி: உடம்பில் சாம்பல் படலம்

கண்ணாடியில் படிந்த பனி போல, நீலமும் சாம்பலுமாக ஒரு படலம். மீன் துவண்டு, அடிக்கடி உடம்பைச் சிலுப்பும். காஸ்டியா, கைலோடோனெல்லா, ட்ரைக்கோடினா ஆகிய மூன்று ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளில் ஒன்றாக இருக்கலாம்; வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். மைக்ரோஸ்கோப் இருப்பவர்கள் இங்கேதான் தப்பிக்கிறார்கள்.

கையையும் வலையையும் நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். ஒரு கவர் ஸ்லிப்பின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) ஓரத்தை மார்புத் துடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்து, தலையிலிருந்து வால் பக்கம், செதில் படிந்திருக்கும் திசையிலேயே மெல்ல இழுங்கள். துளி சளி வந்தால் போதும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர் விட்டு அதன்மேல் வையுங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் குளோரினில் எல்லாம் செத்து, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். 40 மடங்கில் தொடங்கி 100, 400 என்று போங்கள். விளக்கைக் குறைத்து வைத்தால் அசைவு தெளிவாகத் தெரியும்.

தட்டு போல வட்டமாக, நடுவில் பல்சக்கரம் வைத்துச் சுழன்றால் ட்ரைக்கோடினா. தட்டையாக, ஏறக்குறைய இதய வடிவில் வழுக்கிக்கொண்டு போனால் கைலோடோனெல்லா. மிகப் பொடியாக, 400 மடங்கில் மட்டும், விளக்குச் சுடர் படபடப்பது போலத் துடித்தால் காஸ்டியா. பெரிய உருண்டை மெல்ல உருண்டு, உள்ளே குதிரை லாடம் போல உட்கரு தெரிந்தால் அது இக். வெளியில் புள்ளி தெரியும் முன்பே பிடித்துவிட்டீர்கள். புழுப் போல நீண்டு சுருங்கினால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

உயிரோடு இருக்கும் மீனிலிருந்துதான் எடுக்க வேண்டும். செத்துச் சில மணி நேரமான மீனில் ஒட்டுண்ணிகள் உதிர்ந்திருக்கும் அல்லது செத்திருக்கும். தண்ணீரில் சாதாரணமாக வாழும் உயிரிகள் ஏறியிருக்கும்.

பார்வைப் பரப்பு முழுவதிலும் ஒன்றிரண்டு ட்ரைக்கோடினா மட்டும் இருந்தால் மருந்து வேண்டாம். கழிவு மிகுந்த தண்ணீரில் பெருகுவது அதன் இயல்பு. தண்ணீரை மாற்றி, அடியைச் சுத்தம் செய்து, தீனியைக் குறைத்தாலே அடங்கும். கூட்டமாக இருந்தாலோ, காஸ்டியா அல்லது கைலோடோனெல்லா தெரிந்தாலோ மேலே சொன்ன உப்பு முறையை முதலில் முயலுங்கள். கேட்காவிட்டால் ஃபார்மலின்: 37 சதவீதக் கரைசல் 1000 லிட்டருக்கு 25 மி.லி., அதாவது நம் 50 லிட்டர் தொட்டிக்கு 1.25 மி.லி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனையும் தின்னும். காற்று முழு வேகத்தில் ஓடட்டும், 27 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் போடாதீர்கள். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: ஒரு பக்கச் செவுள் மூடியிருக்கிறது, தேய்ப்பு நிற்கவில்லை

உடம்பில் புள்ளி இல்லை, தண்ணீர் சரி, ஆனாலும் மீன் ஒரு செவுளை மூடி மறு செவுளால் மூச்சு விடுகிறது, கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கிறது. செவுள் புழு என்று எடுத்துக்கொள்ளலாம். செவுளில் இருப்பது பெரும்பாலும் டாக்டைலோகைரஸ். நான்கு கரும் கண்புள்ளிகள் இருக்கும், முட்டையிடும். தோலில் இருப்பது பெரும்பாலும் கைரோடாக்டைலஸ். கண்புள்ளி கிடையாது, குட்டி போடும். வயிற்றுக்குள் இன்னொரு புழு கொக்கியோடு தெரியும்.

இரண்டுக்கும் மருந்து பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மி.கி., 50 லிட்டருக்கு 125 மி.கி. தூள் தண்ணீரில் லேசில் கரையாது. நேராகப் போட்டால் மேலே மிதந்து ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். மூடி போட்ட பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டுச் சில நிமிடம் பலமாகக் குலுக்கி ஊற்றுங்கள். குட்டி போடும் வகை ஒரே தடவையில் போய்விடலாம். முட்டையிடும் வகையின் முட்டைக்கு இந்த மருந்து ஏறாது. எனவே ஏழாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீண்டும் அதே அளவு போடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் முட்டை பொரிவதும் தாமதமாகும். மூன்றாவது தடவையும் தேவைப்படும். முதல் மருந்துக்கு மறுநாள் மீன் நன்றாகி, பத்தாம் நாள் மறுபடி தேய்க்கத் தொடங்கினால் மருந்து தோற்கவில்லை, முட்டை பொரிந்திருக்கிறது.

அறிகுறி: கண்ணுக்கே தெரியும் ஒட்டுண்ணி

உடம்பிலிருந்து நூல் துண்டு போலத் தொங்கி, அடியில் சிவந்து, நுனியில் இரட்டை முட்டைப் பை இருந்தால் நங்கூரப்புழு. பெயரில்தான் புழு, இது இறால், நண்டுக்கு உறவான ஓட்டுடலி. தலை நங்கூரமாகச் சதைக்குள் இருக்கும். மீனை ஈரத் துணியில் பிடித்து, ட்வீசரைத் தோலை ஒட்டி வைத்து, வால் பக்கம் சாய்த்து ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளேயே அறுந்து புண்ணாகும். ஒரு நிமிடத்துக்குள் முடித்து, பொவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டுக் காயத்தில் மட்டும் வையுங்கள். செவுளிலும் கண்ணிலும் படக் கூடாது.

பிடுங்குவதோடு வேலை முடியாது. இளம் பருவங்கள் தொட்டியில் இருக்கும். டைஃப்ளூபென்சுரான் அவற்றின் மேலோடு உருவாவதைத் தடுத்து, தோல் உரிக்கும்போது கொல்லும். லிட்டருக்கு 0.1 மி.கி.க்கும் கீழான சிறு அளவே போதும், லேபிள்படி போடுங்கள். வளர்ந்த பெண் நங்கூரப்புழு தோல் உரிப்பதில்லை, அதனால்தான் அதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது. இறாலும் தோல் உரிக்கும் உயிர் என்பதால், இந்த மருந்தில் தொட்டியில் இருக்கும் இறால் அத்தனையும் செத்துவிடும்.

மீன் பேன் தட்டையாக, கண்ணாடி போல, 5 முதல் 10 மி.மீ. இருக்கும், இரண்டு உறிஞ்சிகளும் இரு கண்கள் போலத் தெரியும், இடம் மாறி ஓடும். சிகிச்சை அதேதான். முட்டையைக் கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக ஒட்டும், அதையும் சுரண்டி எடுங்கள்.

அறிகுறி: தின்கிறது, ஆனால் இளைக்கிறது, வெள்ளை நூல் கழிவு

இரண்டு நாள் தின்னாத மீனின் குடலில் சளி மட்டும் வெள்ளையாக வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தீனியை வாயில் வாங்கித் துப்புவது, நிறம் கருத்து ஒதுங்குவது, தலையில் சிறு குழிகள், இவை சேர்ந்தால் ஹெக்ஸாமிட்டா வகைக் குடல் உயிரியைச் சந்தேகிக்கலாம். டிஸ்கஸ், ஏஞ்சல், ஆஸ்கரில் அடிக்கடி வரும். மெட்ரோனிடசோலைத் தீனியில் கொடுப்பதே நல்லது: 1 கிராம் தீனிக்கு 10 மி.கி., ஜெலட்டினில் பிசைந்து, 5 முதல் 10 நாள். தீனியைத் தொடாத மீனுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 7 மி.கி., அதாவது 350 மி.கி., ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை, இடையில் கால் பங்கு தண்ணீரை மாற்றி. மாத்திரையைப் பொடியுங்கள்; சிரப் வேண்டாம், அதிலிருக்கும் சர்க்கரை தண்ணீரைக் கெடுத்துவிடும்.

மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல்கள் எட்டிப் பார்த்து, அது நீந்தத் தொடங்கியதும் உள்ளே போய்விட்டால் கமல்லானஸ் புழு. கப்பி, மோலி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை. இதற்குப் பிராசிகுவான்டெல் உதவாது. லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு 2 மி.கி., 50 லிட்டருக்கு 100 மி.கி., மேலே சொன்ன கரைசலில் 10 மி.லி. வெளிச்சத்தில் சிதையும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடுங்கள். இந்த மருந்து புழுவை முடக்கி வெளியே தள்ள வைக்கிறது, உடனே கொல்வதில்லை. ஆகவே 24 மணி நேரம் கழித்து அடியை அங்குலம் விடாமல் சைஃபன் செய்து, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். விட்டுவிட்டால் வெளியே விழுந்ததை மீன்களே கொத்தித் தின்னும். இரண்டு மூன்று வாரம் கழித்து இதையே ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். ஒரு மீனில் பார்த்தால் தொட்டியிலுள்ள எல்லா மீனுக்கும் சேர்த்தே மருந்து.

மருந்து முடிந்த பிறகு

பாதித் தண்ணீரை மாற்றி, புது கார்பனை ஃபில்டரில் போட்டு மிச்ச மருந்தை எடுத்துவிடுங்கள். அம்மோனியாவைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சில மருந்துகள் தாக்கும். அடுத்த ஒரு வாரம் அம்மோனியாவைத் தினமும் பாருங்கள், தீனியைப் பாதியாக வையுங்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்று உடனே அதன் மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். இடையில் தண்ணீரை மாற்றி ஒரு நாளாவது விடுங்கள். நோய்த் தொட்டியில் விட்ட வலையும் சைஃபன் குழாயும் நன்றாகக் காயாமல் வேறு தொட்டிக்குப் போகக் கூடாது. புதிதாக வரும் மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். இக்கும் செவுள் புழுவும் மறைந்திருந்து தலைகாட்ட அந்த நான்கு வாரம் வேண்டும்; இரண்டாம் வாரம் மீன் துள்ளி விளையாடுகிறது என்று முன்கூட்டியே மாற்றிவிடாதீர்கள்.